வீடியோவில் பாடம் பார்த்துவிட்டு வரச் சொன்னால் நர்சிங் மாணவிகளுக்குத் தன்னம்பிக்கை வருமா?

வரும். நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன், மூன்று பேட்ச் பிள்ளைகளிடம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் வீடியோவை அனுப்பிய கையோடு வந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பிளிப்டு கிளாஸ்ரூம் என்கிற இந்த முறையைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த ஜோனதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள். 2007 வாக்கில், வகுப்புக்கு வரமுடியாமல் போன பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். எல்லோருமே முன்னாடியே பார்த்துவிட்டு வந்தால் வகுப்பு நேரம் முழுக்கப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கலாமே என்பது அப்புறம் வந்த யோசனை. நர்சிங்குக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் நடுங்குவது வார்டில்தான்.

ஒரு உதாரணம். 500 மில்லி சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், சொட்டு இறங்கும் டியூப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை? பரீட்சையில் எல்லோரும் 42 என்று சரியாக எழுதுவார்கள். அதே பிள்ளையிடம் வார்டில் ஸ்டாஃப் சிஸ்டர் "டிராப்ஸ் செட் பண்ணும்மா" என்றால், சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரோலர் கிளாம்பில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். கணக்கு தெரியும், கை பழகவில்லை.

இப்போது அந்தக் கணக்கை எட்டு நிமிட வீடியோவில் முந்தின நாளே பார்த்துவிட்டு வருகிறார்கள். வகுப்பு நேரத்தில் லேபில் ஸ்டாண்டில் பாட்டிலை மாட்டி, கீழே ஒரு பக்கெட் வைத்துவிடுவேன். வாட்சைப் பார்த்து 15 விநாடிக்கு எண்ண வேண்டும், 10 அல்லது 11 சொட்டு விழ வேண்டும். முதல் தடவை சொட்டு தாரையாகக் கொட்டும், இரண்டாவது தடவை நின்றே போகும். ஐந்தாறு தடவையில் படிந்துவிடும். அந்த நேரத்தில் பிள்ளையின் தோள் தளர்வதைப் பார்க்க வேண்டும், அதற்காகவே இந்த வேலைக்கு வந்தேன் என்று தோன்றும். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு நாலு ஊற்றுகள் உண்டு, தானே செய்து முடித்த அனுபவம்தான் அதில் பலமானது என்று 1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா எழுதியது இதைத்தான்.

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இன்னொரு பலன் இருக்கிறது. அறுபது பேர் நடுவில் எழுந்து "புரியலை மேம்" என்று கேட்க மாட்டார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்ப்பார்கள். நான் விளக்கத்தைத் தமிழிலும் மருத்துவச் சொற்களை ஆங்கிலத்திலும் பேசிப் பதிவு செய்வது அதனால்தான்.

முதல் பேட்சில் நான் சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிட வீடியோ அனுப்பினேன், ஹாஸ்டலில் இரவு எட்டு மணிக்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதை யோசிக்கவே இல்லை. பாதிப் பேர் பார்க்காமல் வந்தார்கள். பாவம் என்று நான் மறுபடி பாடம் நடத்தினேன், அடுத்த வாரம் மீதிப் பேரும் பார்க்கவில்லை. இப்போது வார்டனிடம் பேசி, படிக்கிற நேரத்தில் ஒரு மணி நேரம் போன் கொடுக்க வைத்திருக்கிறோம். வகுப்பு ஆரம்பத்தில் மூன்று கேள்வி கேட்பேன், பார்க்காதவர்கள் லேபின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்து முடித்த பிறகுதான் ஸ்டாண்டுக்கு வர வேண்டும். பாடத்தை மட்டும் திரும்ப நடத்துவதில்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வீடியோவைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு தைரியம் வரும், நர்சிங்கில் அது ஆபத்து. மேனிகின் என்கிற பயிற்சிப் பொம்மையில் பத்து ஊசி போட்ட பிள்ளையாக இருந்தாலும் முதல் நோயாளிக்குப் போடும்போது நான் பக்கத்தில்தான் நிற்பேன்.