ஐயாவின் கிளாரினெட்

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகன் பள்ளி பேண்டில் சேர்ந்திருக்கிறான். ட்ரம்பெட்தான் வேண்டும் என்றான். என் மாமனார் வாசித்த கிளாரினெட் வீட்டில் இருக்கும்போது புதிதாக எதற்கு என்று அதையே கொடுத்தோம். ஐயா வைத்தது வைத்தபடி, ஒரு திருகைக்கூடத் தொடாமல் இத்தனை வருஷம் பெட்டகத்தில் காப்பாற்றிய பொருள். மூன்று மாதமாகியும் கீச் கீச்சென்றுதான் சத்தம் வருகிறது. பயிற்சி என்றாலே அழுகிறான். பொறுமையே இல்லாத பிள்ளையை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஆச்சி, பிள்ளையின் பொறுமை இருக்கட்டும். ‘ஒரு திருகைக்கூடத் தொடாமல்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

கிளாரினெட்டில் விரலால் அழுத்தும் ஒவ்வொரு கீயின் அடியிலும் துளையை மூட ஒரு சின்ன மெத்தை இருக்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது காய்ந்து சுருங்கிவிடும். காற்று கசிந்தால் பெரிய வித்வான் ஊதினாலும் கீச்சுத்தான். துண்டுகளைச் சேர்க்கும் இடத்துத் தக்கையும் உதிர்ந்திருக்கும். வாயில் வைக்கும் ரீட் வெறும் நாணல் சீவல். தினம் ஊதினால் சில வாரம் தாங்கும். அதுவும் ஐயா காலத்து ரீட்தானா? அதைத்தான் கொடுத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

முகப்பில் ஓர் ஆத்தங்குடிக் கல் பெயர்ந்தால் ஆள் கூப்பிட்டுப் பதிக்கத் தெரிகிறது. பிள்ளை வாயில் வைக்கிற சாமானை ஒக்கிடத் தோன்றவில்லை. பெரியவர் பொருள் பேரன் கைக்கு வரவேண்டும், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் உங்கள் வீட்டில் நடந்தது ஐயா மேல் உள்ள பாசமா, ட்ரம்பெட் காசு மிச்சமா? வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள்.

காரைக்குடி வீணைச் சகோதரர்களில் அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தார், தம்பி சாம்பசிவ ஐயர் படுக்கவைத்து. கூடப் பிறந்தவர்களுக்கே ஆளுக்கொரு விதம் என்றால், தாத்தாவுக்கும் பேரனுக்கும் கேட்பானேன்!

சரி, பையனை பேண்ட் மாஸ்டரிடம் கூட்டிப்போங்கள். ட்ரம்பெட், கிளாரினெட் இரண்டின் மவுத்பீஸை மட்டும் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொல்லட்டும். ட்ரம்பெட்டுக்கு உதடு அதிர வேண்டும். கிளாரினெட்டுக்கு, விரல் துளைகளை முழுசாக மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிநேகிதன் ட்ரம்பெட் எடுத்தான் என்பதற்காகக் கேட்டிருந்தாலும் தப்பில்லை, அதற்காகவாவது பயிற்சிக்குப் போவான். நீங்கள் அங்கே வாய் திறக்காதீர்கள்.

கிளாரினெட்டை வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பையன் கேட்பது ட்ரம்பெட் என்றே முடிந்தால், வீட்டுக்காரரிடம் நீங்களே பேசுங்கள். அதற்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.