கச்சானுக்கும் மாரிக்கும் தாங்கும் குளிரூட்டி: வணிகக் கட்டட உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் திருகோணமலையில் குளிரூட்டி வாங்கும் பேச்சும் தொடங்கிவிடுகிறது. இம்முறை வந்திருக்கும் கேள்விகளிலும் பெரும்பாலானவை "எத்தனை தொன் போட வேண்டும்?" என்று குளிர்விக்கும் ஆற்றலின் அளவைக் கேட்டே ஆரம்பிக்கின்றன. என்னைப் பொறுத்தவரை அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கட்டடம் எந்த நேரங்களில் இயங்குகிறது, வெளி அலகு எங்கே நிற்கப்போகிறது, பழுதானால் யார் வந்து திருத்துவார் என்பவற்றுக்கு விடை தெரிந்த பிறகுதான் தொன் கணக்குக்குப் பொருள் உண்டு.

கேள்வி: என்.சி. வீதியில் நாங்கள் கட்டிவரும் மூன்று தளக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைப் புடைவைக் கடைக்கும், நடுத்தளத்தைத் தனியார் கல்வி நிலையத்துக்கும், மேல்தளத்தை ஓர் அலுவலகத்துக்கும் வாடகைக்குக் கொடுக்கவிருக்கிறோம். ஒரு நிறுவனம் முழுக் கட்டடத்துக்கும் ஒரே வீ.ஆர்.எப். தொகுதியைப் பரிந்துரைக்கிறது, மற்றொன்று தனித்தனி ஸ்பிளிட் (ஒரு வெளி அலகுக்கு ஓர் உள் அலகு) போதும் என்கிறது. எதைத் தெரிவு செய்யலாம்?

பதில்: வீ.ஆர்.எப். என்பது ஒரு வெளி அலகிலிருந்து பல உள் அலகுகளுக்கு, ஒவ்வோர் அறையின் தேவைக்கும் ஏற்பக் குளிரூட்டும் காஸின் அளவைக் கூட்டியும் குறைத்தும் அனுப்பும் முறை. யப்பானின் டைக்கின் நிறுவனம் 1982இல் அதனை அறிமுகப்படுத்தியது. ஒரே உரிமையாளரின் கீழ் பல அறைகள் இருந்து, அவை எல்லாம் ஒரே நேரத்தில் முழு வலுவில் இயங்காத விடுதி, நிர்வாகக் கட்டடம் போன்ற இடங்களில் அது உண்மையாகவே மின்சாரத்தை மிச்சப்படுத்தும். சுவர் முழுவதும் வெளி அலகுகள் தொங்கும் அவலமும் இராது.

உங்கள் கட்டடத்தின் இயல்பு வேறு. கடை காலையிலிருந்து இரவு வரை திறந்திருக்கும். கல்வி நிலையம் பிற்பகலிலும் வார இறுதியிலும் நிரம்பி வழிந்து, மற்ற வேளைகளில் வெறுமையாகக் கிடக்கும். அலுவலகம் மாலையில் மூடிவிடும். மூன்று குடியிருப்பாளர்கள் ஒரே வெளி அலகைப் பகிர்ந்துகொண்டால், மாத முடிவில் மின்கட்டணத்தை யார் எவ்வளவு கட்டுவது என்ற வழக்கு உங்கள் வாசலுக்கே வரும். தனி மானிகளாக இருக்கும்போது ஒவ்வொரு தளமும் 42 கே.வீ.ஏ. என்ற மின்கொள்ளளவு எல்லைக்குள் சாதாரணப் பொதுநோக்க இணைப்பாக நிற்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அந்த எல்லையைத் தாண்டினால் உச்சக் கேள்விக் கட்டணம் (மாதத்தில் எட்டிய அதிகபட்ச மின்தேவைக்கானது), நேரத்துக்கேற்ற கட்டணம் என்று கணக்கே மாறிவிடும். இவற்றைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. ஸ்பிளிட் ஒன்று நின்றால் ஓர் அறை வேகும், வீ.ஆர்.எப். வெளி அலகின் மின்சுற்றுப் பலகை எரிந்தால், இரட்டை வெளி அலகு இல்லாத பட்சத்தில், மூன்று தளங்களும் வேகும். அந்தப் பலகையும் அதை மாற்றத் தெரிந்தவரும் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வர வேண்டியிருக்குமா, இங்கேயே கிடைப்பார்களா என்பதை விலைக்கூறலில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எழுதித்தரத் தயங்கும் நிறுவனத்தின் தொகுதியை, அது எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், நான் வாங்கமாட்டேன்.

ஆகவே தளத்துக்குத் தளம் பிரித்தே செய்யுங்கள். கடைக்கும் வகுப்பறைகளுக்கும் கூரையோடு பொருந்தும் கசற் வகை இன்வேர்ட்டர் (தேவைக்கேற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்) அலகுகள் ஏற்றவை. கடை வாசலில் காற்றுத்திரை ஒன்றைப் பொருத்தாவிட்டால் வீதியையும் சேர்த்துக் குளிர்விப்பீர்கள். வகுப்பறைகளுக்குப் புதிய வளியைக் கொண்டுவரும் விசிறி கட்டாயம் வேண்டும். சாதாரண ஸ்பிளிட்டும் கசற்றும் அறைக்குள் இருக்கும் வளியையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கின்றனவே தவிர, வெளிவளியை உள்ளே எடுப்பதில்லை. மூடிய அறையில் அறுபது பிள்ளைகள் தூங்கி வழிவதற்குப் பாடம் மட்டும் காரணமல்ல, காபனீரொட்சைட்டும் காரணம்.

கேள்வி: நூறு சதுர அடிக்கு ஒரு தொன் என்ற கணக்கு சரியா?

பதில்: கண்மதிப்புக்குச் சரி, வாங்குவதற்குப் போதாது. ஒரு தொன் என்பது மணிக்கு 12,000 பி.ரீ.யூ., அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாற் வெப்பத்தை அகற்றும் ஆற்றல். மேலே இன்னொரு தளம் இருக்கும் அறைக்கும், வெயிலில் காயும் கொங்கிறீற் தட்டுக்கு நேர்கீழே இருக்கும் அறைக்கும் தேவை ஒன்றாக இருக்க முடியாது. நமது ஊர் வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி உச்சிக்கு வரும் சூரியன் ஆவணி நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமாகவே நண்பகலைக் கடக்கிறது. கச்சான் மாதங்களில் வடக்குச் சுவரிலும் வெயில் விழும் என்பதைக் கட்டட வரைபடம் போடுபவர்களே சிலவேளை மறந்துவிடுகிறார்கள். மேற்குக் கண்ணாடிகளுக்கு வெளிப்புற நிழல், கூரைக்கு வெள்ளைப் பூச்சு, கூரையின் கீழே வெப்பக் காப்பு ஆகியவற்றைச் செய்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். தேவைக்கு மேல் பெரிய அலகு வாங்குவதும் தவறுதான். அதற்கான காரணம் கீழே அலுவலகம் பற்றிய கேள்வியில் வருகிறது.

கேள்வி: உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் விடுதியில் வெளி அலகுகள் மூன்று வருடங்களில் உக்கிப்போகின்றன. நீலப்பூச்சுள்ள வகை, பொன்னிறப்பூச்சுள்ள வகை இரண்டையும் பாவித்துப் பார்த்தோம். உப்புக்காற்று நேரே படக்கூடாது என்று இப்போது தாழ்வாரத்தின் கீழே வைத்திருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?

பதில்: தாழ்வாரத்தின் கீழே வைத்தது உதவவில்லை, கெடுதலே செய்திருக்கிறது. உப்புத்துகள் காற்றோடு எங்கும் வரும். வெட்டவெளியில் நிற்கும் அலகை மழையாவது கழுவும், கூரையின் கீழே நிற்கும் அலகில் படிந்த உப்பு படிந்தபடியே இருந்து, இரவின் ஈரத்தை உறிஞ்சி நாள் முழுவதும் அரிக்கும்.

அரிப்பு நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பரிகாரம் அதிலிருந்தே வருகிறது. வெளி அலகின் சுருளில் செப்புக் குழாயை இறுக்கிப் பிடித்தபடி மெல்லிய அலுமினியத் தகடுகள் இருக்கின்றன. உப்புநீர்ப் படலம் இவ்விரு உலோகங்களையும் இணைக்கும்போது அவை ஒரு மின்கலம் போலச் செயற்பட்டு, அலுமினியம் தன்னை இழந்து செம்பைக் காக்கிறது. தகடுகள் வெண்தூளாக உதிர்ந்த பின்னர் குழாய் வெப்பத்தை வெளியேற்ற வழியின்றி நிற்கும். காஸை அழுத்தும் கொம்பிரசர் அளவுக்கு மீறி உழைத்து, மின்கட்டணத்தை ஏற்றிவிட்டுக் கடைசியில் எரியும். நீலப்பூச்சு, பொன்பூச்சு என்பவை பெரும்பாலும் தகட்டிலிருந்து நீர் விரைவில் வழிந்தோட உதவும் மெல்லிய படலங்கள். கடலிலிருந்து சில பத்து மீற்றர் தூரத்தில் அவற்றை நம்பக்கூடாது. தொழிற்சாலையிலேயே முழுச் சுருளையும் எபொக்சிக் கரைசலில் தோய்த்துப் பூசிய வகையைக் கேளுங்கள். பொருத்திய பிறகு தெளிக்கும் பூச்சு தகடுகளின் ஆழத்துக்குள் சரியாகச் செல்லாது. தாங்கிகளும் ஆணிகளும் 316 வகைத் துருப்பிடியா உருக்கில் இருக்கட்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, கட்டடத்தையே கடலுக்கும் அலகுக்கும் நடுவே மறைப்பாக வைத்து, தரைப்பக்கமாக, மேலே திறந்த இடத்தில் நிறுத்துங்கள். அழகுக்காகப் பலகைக் கூட்டுக்குள் அடைத்தால் அது தான் ஊதிய வெப்பக் காற்றையே மீண்டும் இழுத்துத் திணறும். மாதம் ஒரு முறையாவது, அழுத்தம் குறைந்த நன்னீரால் சுருளைக் கழுவ வேண்டும். உங்கள் பக்கத்தில் கிணற்றுநீர் உவர்ப்பாக இருந்தால் குழாய்நீரையே பாவியுங்கள்; உவர்நீரால் கழுவுவது கழுவாமல் விடுவதைவிடக் கேடு. வாடைக்காற்று மாதங்களில் விடுதி மூடிக் கிடந்தாலும் இந்தக் கழுவல் நிற்கக்கூடாது, ஏனெனில் அப்போதுதான் காற்று கடலிலிருந்து நேராக அடிக்கிறது.

கேள்வி: நானூறு பேர் அமரும் திருமண மண்டபத்துக்கு, நீரைக் குளிர்வித்து அனுப்பும் சில்லர் தொகுதி போடுவதா, குழாய்வழிக் காற்று அனுப்பும் பக்கேஜ் அலகுகளா?

பதில்: முதலில் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 120 வாற் வெப்பத்தை வெளிவிடுகிறார். நானூறு பேருக்கு 48 கிலோவாற், அதாவது 14 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒருவருக்கு வினாடிக்கு ஐந்து லீற்றர் புதிய வளி கொடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், வெளியே 33 பாகையும் 60 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு நாளில், அந்த வளியை 25 பாகைக்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 20 தொன் வேண்டும். ஆட்களின் வெப்பத்தைவிட அவர்கள் சுவாசிக்கும் வளியின் சுமை அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. அந்த 20 தொன்னிலும் மூன்றில் இரண்டு பங்கு ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே செலவாகிறது. கூரை, விளக்குகள், வீடியோக்காரரின் பெரிய விளக்குகள், திறந்து மூடும் கதவுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 45 தொன்னைத் தொடும்.

இந்த அளவுக்கு, வாரத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் இயங்கும் மண்டபத்துக்கு, சில்லர் வேண்டாம். நீரால் குளிரும் சில்லர் திறமையானதுதான், ஆனால் அதற்குக் குளிர்கோபுரமும், நாள்தோறும் நீரும், நீரைப் பரிகரிக்கத் தெரிந்த ஊழியரும் வேண்டும். ஆண்டு முழுவதும் ஓயாது இயங்கும் பெரிய வைத்தியசாலைக்கும் நட்சத்திர விடுதிக்குமே அந்தச் செலவு பலன் தரும். நான்கு அல்லது ஐந்து பக்கேஜ் அலகுகளாகப் பிரித்துப் போட்டால், பூப்புனித நீராட்டு விழாவுக்கு நூற்றைம்பது பேர் வந்த நாளில் இரண்டை மட்டும் இயக்கலாம்; ஒன்று பழுதானாலும் முகூர்த்தம் வியர்வையில் நடக்காது. புதிய வளிக் கதவைக் காபனீரொட்சைட்டு உணரியோடு இணைத்தால், மண்டபம் பாதி நிரம்பிய வேளையில் அந்த 20 தொன்னும் பாதியாகும்.

மின்சாரத்தை மறக்க வேண்டாம். 45 தொன்னுக்கு ஏறத்தாழ 55 கிலோவாற் தேவை, 42 கே.வீ.ஏ. எல்லையை நீங்கள் தாண்டிவிடுவீர்கள். அதன் பிறகு ஒரு மாதத்தில் எப்போதாவது ஒரு மாலை எட்டிய உச்சக் கேள்விக்கே அம்மாதக் கட்டணத்தின் ஒரு பகுதி கணிக்கப்படும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான நேரத்தில் மின் அலகொன்றின் விலையும் உயர்ந்தது. வரவேற்பு விருந்துகள் நடப்பதும் அந்த நேரத்தில்தான். எனவே மண்டபத்தைப் பிற்பகலிலேயே குளிர்வித்து வைக்கவும், அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடக்கவும், சாப்பாட்டு மண்டபத்தைக் குளிரூட்டாமல் பெரிய விசிறிகளோடு விடவும் பரிந்துரைக்கிறேன். மண்டப வாடகையிலும் மாலை நிகழ்வுக்கு வேறு விலை வைப்பது நியாயமே.

கேள்வி: உட்துறைமுக வீதியில் எங்கள் அலுவலகத்தில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் 18 பாகையில் இயக்கியும் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. பெரிய அலகு வாங்கலாமா?

பதில்: வாங்கினால் பூஞ்சணமும் பெரிதாகும். மாரியில் வெளிவெப்பநிலை 26, 27 பாகைதான்; ஈரப்பதனோ 85 வீதத்துக்கு மேல். அகற்ற வெப்பம் குறைவாக இருப்பதால், பெரிய அலகு சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். வளியிலிருந்து ஈரம் வடிவது கொம்பிரசர் ஓடும்போது மட்டுமே. அது நின்ற பின்னும் விசிறி ஓடினால், சுருளில் நின்ற நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்புகிறது. 18 பாகை வைப்பதால் சுவர்கள் குளிர்ந்துபோகின்றன. அப்படியான மாரி வளியின் பனிநிலை (அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 25 பாகையாக இருப்பதால், யன்னல் இடுக்கால் நுழையும் வளி அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டதும் நீராகப் படிகிறது. பூஞ்சணத்துக்கு அது போதும்.

25 பாகையில் வைத்து, ஈரமகற்றும் நிலையில் இயக்குங்கள். விசிறியைத் தானியங்கி நிலையில் விடுங்கள். யன்னல் இடுக்குகளை அடையுங்கள். அப்படியும் ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே வராவிட்டால், தனி ஈரமகற்றி ஒன்றை வாங்குவது பெரிய குளிரூட்டியைவிட மலிவு. புதிதாக வாங்குபவர்கள் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடக்கூடிய இன்வேர்ட்டர் வகையைச் சரியான அளவில் வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

கேள்வி: ஆர்-22 என்ற குளிரூட்டும் காஸில் இயங்கும் பழைய அலகுகளுக்கு வருடந்தோறும் காஸ் நிரப்புகிறோம். தொடரலாமா?

பதில்: காஸ் எரிபொருள் அல்ல, தீர்ந்துபோவதில்லை, வருடந்தோறும் நிரப்புகிறீர்கள் என்றால் வருடந்தோறும் கசிகிறது. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி இலங்கை போன்ற நாடுகள் 2030உடன் இவ்வகைக் காஸின் பாவனையை, பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்கான சிறு அளவைத் தவிர, நிறுத்த வேண்டும். விலை இறங்க வழியில்லை. புதிதாக வாங்கும்போது ஆர்-410ஏ வகையைவிட ஆர்-32 வகையைத் தேடுங்கள்; காபனீரொட்சைட்டினதை 1 எனக் கொண்டால், முன்னதன் புவி வெப்பமாக்கும் ஆற்றல் 2088, பின்னதன் ஆற்றல் 675. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் அதற்கான கருவிகளும் பயிற்சியும் உள்ளவரே பொருத்த வேண்டும். ஆர்-22 இயந்திரத்தில் அதை ஊற்றச் சொல்லும் எவரையும் கட்டடத்துக்குள் விடாதீர்கள்.

கேள்வி: கிண்ணியாவில் மருந்தகம் நடத்துகிறேன். இரவிலும் குளிரூட்டி ஓட வேண்டுமா?

பதில்: ஆம். 25 பாகைக்குக் கீழே வைக்கும்படி உறையில் அச்சிட்ட மருந்துக்குக் கடை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது தெரியாது. ஒரு பெரிய அலகுக்குப் பதிலாக, தனியே நின்றாலும் அறையைத் தாங்கக்கூடிய இரண்டை வாங்கி நேரக்கணிப்பான் மூலம் மாறி மாறி இயக்குங்கள். மின்சாரம் போய்த் திரும்பியதும் தானே மீண்டும் தொடங்கும் வசதி இரண்டிலும் இருக்கிறதா என்று கடையிலேயே இயக்கிப் பார்த்து வாங்குங்கள். இன்சுலின் போன்றவற்றின் 2 முதல் 8 பாகைக்குக் குளிர்சாதனப் பெட்டியே வேண்டும். அறைக் குளிரூட்டி அதற்கு ஈடாகாது.