சிங்கப்பூரில் ஆகஸ்ட் முதல் தீபாவளி வரை என்ன பூக்கும்? கேள்வி பதில்

பொங்கோல் வாசகர்: அக்கா, யூடியூபில் எல்லாரும் கோடை முடியும்போது ஆஸ்டர், சீடம் பூச்செடிகளை வைக்கச் சொல்கிறார்கள். விதை வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அவர்கள் இருக்கும் குளிர்நாடுகளில் ஆகஸ்ட் தாண்டினால் பகல் மளமளவென்று குறையும். இரவு நீள்வதைப் பார்த்துத்தான் ஆஸ்டர் மொட்டு வைக்கும். நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 9 நிமிடம்தான். இங்கே செடிக்கு நாள் பார்த்துச் சொல்வது மழையும் வறட்சியும். செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நடுநடுவே வறட்சி, சில நாள் விடியற்காலையில் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் பலத்த காற்றோடு மழை. அக்டோபர் பிறந்தால் மத்தியான இடிமழை. சாலையோர டிரம்பெட் மரங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் இளஞ்சிவப்பாகக் கொட்டுவதும் வறண்ட நாள்களுக்குப் பிறகு வரும் மழையால்தான். இந்தக் கணக்கில் செடியைத் தேர்ந்தெடுங்கள்: செண்டுமல்லி, காகிதப்பூ, செம்பருத்தி, சங்குப்பூ.

தெம்பனிஸ்: கடையில் வாங்கிய சாமந்தித் தொட்டி மூன்று வாரம் ஜோராக இருந்தது. பூ முடிந்ததும் வெட்டிவிட்டேன். இலை வருகிறது, மொட்டு வரவில்லை. உரம் போதவில்லையா?

உரத்தில் குறை இல்லை. உங்கள் வாசலுக்கு எதிரே காரிடார் விளக்கு இருக்கிறதா, பாருங்கள். சாமந்திக்கு நீண்ட, இடைவிடாத இருட்டு வேண்டும். இரவில் வெளிச்சம் பட்டால் பகல் இன்னும் முடியவில்லை என்று நினைத்து இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். மலேசியாவின் கேமரன் மலையில் வளர்ப்பவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள்: தண்டு உயரும் வரை இரவில் விளக்குப் போட்டு மொட்டைத் தடுத்து, பிறகு அணைப்பார்கள். நீங்கள் கேட்காமலே உங்கள் புளோக் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது! தொட்டியை விளக்கு எட்டாத பால்கனிக்கு மாற்றிப் பாருங்கள். ஆனாலும் நம் இரவுச் சூட்டில் மலைப்பூ மாதிரி வராது. சின்னதாக, தாமதமாக வரும். நானாக இருந்தால் பூச்செண்டு வாங்கிய கணக்கில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் விட்டுவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு விற்கும் பாய்ன்செட்டியாவுக்கும் இதே கதைதான்.

உட்லண்ட்ஸ்: தீபாவளிக்கு வாசலில் செண்டுமல்லி பூத்திருக்க வேண்டும். எப்போது விதைக்கட்டும் அக்கா?

பின்னாலிருந்து எண்ணுங்கள் தங்கச்சி. குட்டை ரகம் விதைத்து 8 வாரத்தில் பூக்கும். மாலை கட்டும் பெரிய ரகத்துக்கு 10 வாரமாவது வேண்டும். நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும், ஆனால் பூ ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அதையும் கணக்கில் சேருங்கள். நாற்றுக்கு முதல் நாளிலிருந்தே நேர் வெயில் வேண்டும். இல்லாவிட்டால் வெளிறிய நூல்போல நீண்டு சாய்ந்துவிடும், பிறகு தேறாது.

இன்னொன்று: பெரிய ரகத்தில் இதழ் அடுக்கடுக்காக இருப்பதால் அக்டோபர் மழையில் தண்ணீரைக் குடித்துவிடும். அடுத்த நாள் இதழைப் பிரித்தால் உள்ளே பழுப்பாக அழுகியிருக்கும். அதனால் கூரையில்லாத இடத்துக்குக் குட்டை ரகம்தான் என் ஓட்டு. மாலை? அதற்குத் தேக்கா பூக்கடைகள் இருக்கின்றன. தொட்டிச் செடியில் மாலைக்குப் பூ எதிர்பார்க்காதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட்: காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரே இலைக்காடு.

தினமும் ஊற்றுவதுதான் பிரச்சினை. நீண்ட கிளைகளை வெட்டுங்கள். புதுத் தளிர் விரலளவு வந்ததும் தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் தொங்கும்போது கொஞ்சம் ஊற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம். தழைச்சத்து அதிகமுள்ள உரத்தை நிறுத்துங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றும் ஆசையும் வேண்டாம்; வேர் நெருக்கடியில்தான் அது நன்றாகப் பூக்கும்.

ஈசூன்: எங்கள் காரிடாரில் வெயிலே கிடையாது. மல்லிகை வைக்கலாமா?

மல்லிகை வேண்டாம், இலைதான் மிஞ்சும். ஓரளவு வெளிச்சம் இருந்தால் கனகாம்பரம் அல்லது டொரேனியா.

புக்கிட் பாத்தோக்: கீழே இருக்கும் மழைமரத்தில் ஒரே நாளில் வெள்ளைப் பூவாக இருந்தது, மறுநாள் காணோம். என்ன பூ?

பிஜன் ஆர்க்கிட். மரத்தில் தொற்றி வளரும் நம் ஊர்ச் செடி. பெருமழையில் வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் காத்திருக்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒன்பதாம் நாள் வட்டாரமே ஒன்றாகப் பூக்கும். நல்ல மணம், ஆயுள் ஒரு நாள்தான். மரத்திலிருந்து பிய்க்காதீர்கள். நர்சரியில் கிடைத்தால் மரக்கட்டையில் கட்டி, மழைக்காற்று படும் இடத்தில் தொங்கவிடுங்கள். குளிரூட்டிய அறைக்குள் வைத்து ஏமாற்றலாமா என்று கேட்காதீர்கள். எப்படியும் ஒருவர் கேட்பார்.

தோ பாயோ, பெரியவர் ஒருவர்: ஆள் வந்து காரிடாரில் இருக்கும் பூத்தொட்டிகளை நகர்த்தச் சொல்லிவிட்டுப் போனார், அம்மா. எவ்வளவு இடம் விட வேண்டும்?

ஐயா, தீ விபத்தில் ஆள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள், விழுந்தால் உயிர் போகும். தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். கொசு முட்டை ஒட்டியிருக்கும், தட்டைத் தேய்த்தும் கழுவுங்கள். பலர் விடுவது இறுகிய மண். மேல்மண் கெட்டியாகிவிட்டால் அதன் மேலேயே தண்ணீர் நிற்கும், அதிலும் கொசு முட்டையிடும். பழைய முள்கரண்டியால் அவ்வப்போது கிளறிவிடுங்கள். டெங்கிச் சோதனைக்கு வருபவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

செங்காங்: செப்டம்பரில் புகைமூட்டம் வந்தால் செடியை உள்ளே எடுக்க வேண்டுமா?

வேண்டாம். உள்ளே வெளிச்சம் இன்னும் குறைவு. இலைமேல் படிந்த தூசியைக் காலையில் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். வானம் தெளியும் வரை உரம் போடாதீர்கள். வெயில் குறைந்த நாளில் செடி மெதுவாகத்தான் வளரும், மண்ணும் சீக்கிரம் காயாது. விரல் வைத்துப் பார்த்து ஊற்றுங்கள்.