கீமோ சிகிச்சை: டெல்டா வாசகர்கள் கேட்டவை

கும்பகோணம் வாசகர்: நித்தியகல்யாணியில்தான் கீமோ மருந்து இருக்கிறதாமே டாக்டர், இலையை அரைத்து அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வேலியோரம் சுடுகாட்டு மல்லி என்று நிற்கிற அதே செடிதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளுக்கு மூலம், அது உண்மை. ஆனால் ஒரு கிராம் வின்கிரிஸ்டின் பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு டம்ளர் சாற்றில் எவ்வளவு மருந்து, கூடவே என்னென்ன நச்சு என்று யாராலும் சொல்ல முடியாது. நரம்பில் ஏற்றும் வின்கிரிஸ்டினையே உடற்பரப்பைக் கணக்கிட்டு, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாமல்தான் கொடுக்கிறோம்.

மன்னார்குடி வாசகர்: எதற்கு மூன்று நான்கு மருந்து? 21 நாள் கணக்கு எதற்கு? குறுவை அறுப்பு முடிந்து போனால் ஆகாதா?

1948-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற ஒரே மருந்தைக் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டார். மருந்தை உருவாக்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. நோய் அடங்கியது, சில மாதங்களில் திரும்பியது. ஒரு மருந்துக்கு மசியாத செல்கள் மிஞ்சிவிட்டன. வெவ்வேறு இடத்தில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான், 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் டொனால்ட் பிங்கல் குழுவின் சிகிச்சையில் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

பல மருந்து முறைகளில் இடைவெளி 21 நாள். அதற்குள் ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை தேறிவிடும். அதற்கு மேல் இழுத்தால் புற்றும் தேறிவிடும். ரத்த அணு குறைவாக இருந்தால் தேதியை மருத்துவர் தள்ளுவார். அறுப்புக்காக நீங்கள் தள்ளாதீர்கள்.

வேதாரண்யம் வாசகி: அப்பாவுக்கு கீமோ ஏற்றிப் பத்தாம் நாள். ராத்திரி 101 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் தஞ்சாவூர் கிளம்பலாமாங்க டாக்டர்?

காலை வரை காத்திருக்கவே கூடாதும்மா. ஏழிலிருந்து பதினான்காம் நாள் வரைதான், கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். வெள்ளணு இல்லாவிட்டால் சீழ் பிடிக்காது, வீக்கமும் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பாராசிட்டமால் அதையும் மறைத்துவிடும், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். 100.4 டிகிரியைத் தொட்டாலும், காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் அவசரம்தான்.

தஞ்சாவூருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 108-ஐக் கூப்பிட்டு முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "கீமோ ஏற்றிப் பத்து நாள், காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லி ஃபைலைக் காட்டுங்கள். நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அதற்கு முன்பே நடந்தால் நல்லது. அதற்காக ஊசி தாமதமாகக் கூடாது. பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவதெல்லாம் பிறகு.

திருவாரூர் வாசகர்: பழைய சோறு சாப்பிடலாமா? வயலில் இறங்கலாமா?

அணு குறைந்திருக்கும் நாட்களில் இரண்டும் வேண்டாம். சூடாக வடித்த சோறு, கொதித்து ஆறிய தண்ணீர். வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து நாளுக்கு நான்கைந்து தடவை கொப்பளியுங்கள்.

மயிலாடுதுறை வாசகி: மருந்து ஏறும்போது கை எரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

கூடவே கூடாது, உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசின் நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலும் தசையும் அழுகும். ஊசியை நீங்களே பிடுங்காதீர்கள். ஏற்றுவதை நிறுத்திவிட்டு, கசிந்த மருந்தை அதே ஊசி வழியாகத்தான் உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்குச் சூட்டு ஒத்தடம். மாற்றி வைத்தால் புண் பெரிதாகும்.