கேள்வி – பதில்

கேள்வி: நெடுந்தூர ஓட்டக்காரரைப் பெரிய போட்டித் தங்கங்களை வைத்துத்தானே எடைபோட வேண்டும்?

பதில்: நானும் அப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன், ரான் கிளார்க்கைப் பற்றிப் படிக்கும்வரை. 1965இல் ஆஸ்லோவில் 10,000 மீட்டரை 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடினார் இந்த ஆஸ்திரேலியர். அதற்குமுன் 28 நிமிடத்துக்குள் ஒருவரும் ஓடியதில்லை. ஒலிம்பிக்கில் கிடைத்ததோ ஒரே ஒரு வெண்கலம். கடைசிச் சுற்றில் பாயும் வேகம் அவரிடம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1968 ஒலிம்பிக்கில் நடந்தது? மெக்சிகோ நகரம் 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் குறைவு. ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1952 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற செக் ஓட்டக்காரர் ஸாடோபெக், அவற்றில் ஒன்றைப் பொட்டலமாகக் கட்டி இவர் கையில் திணித்திருந்தார். தங்கத்தின் மதிப்பு அவருக்குத் தெரியாதா என்ன!