சாதாரண சட்டை போலவே இருக்கும் குண்டு துளைக்காத உடை உண்மையிலேயே உண்டா?

உண்டு. கொலம்பியாவின் பொகோட்டாவில் மிகேல் கபாயெரோ 1992இல் தொடங்கிய நிறுவனம் தோல் ஜாக்கெட், கோட்டு என்று விற்கிறது. மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே வலுவான செயற்கை இழைகள் பல அடுக்காக இருக்கும். குண்டின் வேகத்தை அவை அகலமாகப் பரப்பி வாங்கிக்கொள்ளும். உடம்பு கன்றிப்போகலாம், துளைக்காது. ஊழியருக்கே ஜாக்கெட்டை மாட்டி, வயிற்றில் ரிவால்வரால் சுட்டுக் காட்டியவர் கபாயெரோ! ஆனால் ரைஃபிள் குண்டைத் தடுக்கப் பொதுவாகக் கனமான தகடு வேண்டும். அதைச் சட்டைக்குள் மறைப்பது கஷ்டம்.

எனக்கு உறுத்துவது வேறு. காசுள்ளவர் பயத்தை மறைத்துக்கொண்டு நடமாடலாம். பக்கத்தில் நிற்கும் டிரைவருக்கு வெறும் பருத்திச் சட்டைதான். 2012இல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்கு அப்புறம் இந்த நிறுவனத்தார் குழந்தைகளுக்கும் தைக்க ஆரம்பித்தார்கள், புத்தகப்பை உட்பட.