இன்ஜின் வேலை: எது வீட்டில், எது ஷோரூமில்? வாசகர் கேள்வி-பதில்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: பைக் இன்ஜின் வேலையை நாமே பார்க்கலாமா, ஷோரூமில் விடலாமா? வண்டிக்கு வண்டி பதில் மாறும். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். தப்பாகிவிட்டால் திரும்பக் கழற்றிச் சரிசெய்ய முடிகிற வேலையைத் தைரியமாக நீங்களே எடுங்கள். தப்பானால் இன்ஜினையே இறக்க வேண்டிவரும் என்றால் காசு கொடுத்துச் செய்யுங்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

பைக் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. ஃப்ரீ சர்வீஸ் என்கிறார்கள், ஆனால் ஆயிலுக்குக் காசு வாங்குகிறார்கள். நானே மாற்றிக்கொண்டால் வாரண்டி போய்விடுமா? (லாஸ்பேட்டை)

ஃப்ரீ என்பது கூலிக்கு மட்டும்தான். ஆயில், வாஷர் போன்றவற்றுக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதற்காக ஷோரூம் போவதை நிறுத்திவிடாதீர்கள். வாரண்டி முடியும்வரை அட்டவணையில் உள்ள ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிடக் கூடாது. கிலோமீட்டர், நாள் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓட்டுகிறவர்கள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்து, நாளைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். பின்னால் இன்ஜினில் பெரிய கோளாறு வந்தால் கம்பெனி முதலில் புரட்டுவது சர்வீஸ் பதிவைத்தான். அதில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் கிளெய்மை மறுக்க அது போதும்.

இரண்டு சர்வீஸுக்கு நடுவில் நீங்களாக ஆயில் மாற்ற விரும்பினால், மேனுவலில் சொன்ன கிரேடையே வாங்கிப் போட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்து அந்த வேலை முழுக்க உங்களுடையது.

பத்து வருடம் ஓடிய ஸ்பிளெண்டர். ஆயிலை நானே மாற்ற ஆசை. முன்பின் ஸ்பேனர் பிடித்ததில்லை. (திருப்பாதிரிப்புலியூர்)

ஆரம்பிக்க இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஒரு நல்ல ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 17-ம் நம்பர்), ஒரு தட்டு, புனல், பழைய துணி, புது வாஷர் ஒன்று, 10டபிள்யூ-30 ஆயில். இவ்வளவுதான் தேவை. ஸ்பேனரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சரியாகப் பிடிக்காத ஸ்பேனர் போல்ட்டின் தலையை மழுக்கிவிடும். நம்ம ஊர்க் கடல் காற்றில் இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் இறக்கும் போல்ட் துருவேறி இறுகியிருக்கும் என்பதால், முதல் நாள் இரவே அதைச் சுற்றித் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள்.

வண்டியை நாலைந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். ஆயில் சூடாக இருந்தால்தான் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். கையைச் சுட்டுக்கொள்ளும் அளவுக்குச் சூடு வேண்டாம். மேலே டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) மூடியைத் திறந்துவிட்டு, கீழ் போல்ட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். கழற்றிய போல்ட்டைத் துடைத்துப் பாருங்கள். மாவு மாதிரி மெல்லிய சாம்பல் பூச்சு சகஜம். கண்ணுக்குத் தெரிகிற உலோகத் துணுக்குகள் இருந்தால் அத்தோடு நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஷோரூமில் வேறொருவர் கழற்றும்போது உங்களுக்குக் கிடைக்காத தகவல் இது. நீங்களே செய்யுங்கள் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இப்போது கவனம். இன்ஜின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. திரும்ப மாட்டும்போது ஸ்பேனரைத் தொடாமல் முதலில் விரலாலேயே முழுசாக ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி வையுங்கள். புது வாஷர் போட்டு, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். இந்த அளவு போல்ட்டுக்குப் பெரும்பாலும் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். கையால் சொல்வதென்றால் மணிக்கட்டு பலம்தான், தோள் பலம் அல்ல. மரை போய்விட்டால் லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போட வேண்டிவரும். வீட்டு ஆயில் சேஞ்சில் நடக்கும் சேதம் பெரும்பாலும் இந்த ஒரு போல்ட்டில்தான்.

900 மில்லி பாட்டிலை அப்படியே கவிழ்க்காதீர்கள். டிரெயின் செய்த பிறகும் கொஞ்சம் பழைய ஆயில் உள்ளே தங்கும். மேனுவல் சொல்லும் அளவை ஊற்றி, ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளவு பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் உள்ளே வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். ஸ்பிளெண்டரில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கிளட்ச் கவருக்குள் இருக்கும் சுழல் ஃபில்டரையும் வலையையும் சுத்தம் செய்ய கவர் கழற்ற வேண்டும், கேஸ்கட் மாற்ற வேண்டும். அதை மெக்கானிக்குக்கு விட்டுவிடுங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது கெடிலத்துக்கும் உப்பனாற்றுக்கும் போய், அங்கிருந்து நம் மீனவர்கள் வலை போடும் இடத்துக்குத்தான் போகிறது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. கேனில் அடைத்து, பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து விற்கிற மெக்கானிக் கடையில் கொடுங்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

மனைவியின் ஆக்டிவாவுக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறது. என் பைக்கில் ஊற்றலாமா? (வில்லியனூர்)

வேண்டாம். பைக்கில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கிறது. அதற்கு பாட்டிலில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். ஸ்கூட்டர் ஆயில் எம்பி வகை, வழுக்கல் அதிகம். ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

சர்வீஸ் பில்லில் இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளே கழுவுவது), டிகார்பனைசிங் (கரி நீக்குவது), ஆயிலில் ஊற்றும் ஏதோ ஒரு மருந்து என்று போட்டிருந்தார்கள். இதெல்லாம் தேவையா? (முதலியார்பேட்டை)

மேனுவலின் பின்பக்கம் மெயின்டனன்ஸ் அட்டவணை இருக்கும். இந்த மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாததற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சரியான ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றிக்கொண்டு வந்த இன்ஜினுக்கு ஃப்ளஷ் எதற்கு?

பில் வந்த பிறகு சண்டை போடுவதில் பயனில்லை. வண்டி விடும்போதே பேசிவிடுங்கள். ஜாப் கார்டில் (செய்யப்போகும் வேலைகளை எழுதும் சீட்டு) கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். வேண்டாததை உங்கள் கண் முன்னால் அடிக்கச் சொல்லுங்கள். "கூடுதல் வேலை எதுவானாலும் போன் செய்து கேட்ட பிறகே" என்று எழுத வையுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பிளக்கும் ஏர் ஃபில்டரும் கையில் இருந்தால் மாற்றியது உண்மையா, மாற்ற வேண்டியிருந்ததா என்று தெரிந்துவிடும். கேட்காத வேலைக்குப் பில் போட்டு, பேசியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

எல்லா ஷோரூமும் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. நல்ல டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். அவரிடம் நேராகப் பேச முடிகிற இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

புல்லட்டில் டேப்பெட் சத்தம். பக்கத்துக் கடைக்காரர் பத்து நிமிடத்தில் சத்தமே இல்லாமல் செய்து தருகிறேன் என்கிறார். (கடலூர் முதுநகர்)

சத்தமே இல்லாமல் போனால்தான் பயப்பட வேண்டும். டேப்பெட் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். அட்ஜஸ்ட் செய்கிற வகை என்றால் அதில் மேனுவல் சொல்லும் அளவு இருந்தாக வேண்டும். அதைச் சுத்தமாக இறுக்கிவிட்டால் சூடேறும்போது வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோய் ஹெட் கழற்றும் செலவில் போய் நிற்கும். லேசான டிக் டிக் கேட்பது பரவாயில்லை.

உங்களுடையது எந்த இன்ஜின் என்று எழுதவில்லை. 2009 வாக்கில் வந்த யூசிஇ இன்ஜினில் டேப்பெட் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் தானாகவே சரிசெய்துகொள்ளும். அதில் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி சத்தம் வந்து அடங்கினால் விட்டுவிடுங்கள். அடங்காவிட்டால் ஆயில் அளவையும் கிரேடையும் பாருங்கள். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டிலும் இப்போதைய ஜே சீரிஸிலும் அட்ஜஸ்ட்மென்ட் உண்டு. இரவு முழுக்க ஆறிய இன்ஜினில்தான் செய்ய வேண்டும். மெக்கானிக் வண்டியைச் சூடாக வாங்கி உடனே கை வைத்தால் தடுத்துவிடுங்கள்.

மழை வெள்ளத்தில் வண்டி முங்கினால் முதலில் என்ன செய்வது? (ரெயின்போ நகர், புதுச்சேரி)

ஸ்டார்ட் செய்யாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தபோதும் எத்தனையோ வண்டிகள் முங்கின. முங்கிய இன்ஜினைப் பிழைக்க வைக்கலாம். முங்கியதும் "ஓடுதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்துவதுதான் அதைக் கொல்கிறது. காற்றை பிஸ்டன் அழுத்திவிடும், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சாவியை எடுத்துவிட்டு பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பாலிசி முழு காப்பீடு என்றால் எதையும் திறக்கும் முன் தண்ணீர் நின்ற உயரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசிக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. தண்ணீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனது என்று தெரிந்தால் முழு காப்பீட்டிலும் சிக்கல்தான்.

கிளெய்ம் இல்லை, நீங்களே பார்க்கிறீர்கள் என்றால், பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்து உள்ளே போன தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயிலை இறக்குங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விலை குறைந்த, ஆனால் சரியான கிரேடு ஆயிலை ஊற்றி, சில நிமிடம் மட்டும் ஓடவிட்டு இறக்குங்கள். நிறம் தெளியும்வரை இதையே செய்யுங்கள். காகித ஏர் ஃபில்டரைக் காயவைத்துப் போடாதீர்கள், புதுசு வாங்குங்கள். உப்பங்கழித் தண்ணீர் என்றால் முதலில் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவிவிட்டுத்தான் மற்றதெல்லாம். கிக்கர் இறங்கவே இல்லை என்றால் அத்தோடு நிறுத்திவிட்டு டெம்போவில் ஏற்றுங்கள்.

பிஎஸ்6 வண்டி. மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு அணையவே இல்லை. (நெல்லிக்குப்பம்)

வீட்டில் பார்க்க ஒன்று இருக்கிறது. பேட்டரி டெர்மினலில் பச்சை, வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். கரன்ட் குறைந்தாலே இந்த விளக்கு எரிவதுண்டு. பிறகும் எரிந்தால் ஷோரூம்தான்; கம்பெனி ஸ்கேனர் அவர்களிடம் இருக்கிறது. ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் சென்சார் மாற்ற வேண்டும் என்றால் சம்மதிக்காதீர்கள்.